வாந்தி-பேதி வைரஸை எங்கே தேடுவது: மருத்துவமனையிலா, மருந்துக்கடையிலா, சாக்கடையிலா?

வாந்தி-பேதியைப் பரப்பும் வைரஸ்களைக் கண்காணிக்க ஒரு நகரத்தின் சுகாதாரத் துறையிடம் புதிதாக ஒரே ஓர் ஏற்பாட்டுக்கு மட்டும் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனைப் பரிசோதனை முடிவுகளை இன்னும் ஒழுங்காகத் திரட்டலாம். மருந்துக்கடை விற்பனையையும் பள்ளி வருகைப் பதிவையும் கவனிக்கலாம். அல்லது பாதாளச் சாக்கடையில் ஓடும் கழிவுநீரில் வைரஸைத் தேடலாம். கொரோனாவுக்குப் பிறகு மூன்றாவது வழிதான் எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. கருவிகள் வாங்கியாயிற்று, ஆட்களும் பழகிவிட்டார்கள், அதே மாதிரியில் நோரோவைரஸையும் ரோட்டாவைரஸையும் சேர்த்துப் பார்த்துவிடலாமே என்ற எண்ணம் இயல்பாகவே வருகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைக் கணக்கைக் கைவிடக் கூடாது. அதன்மேல் கழிவுநீரைச் சேர்ப்பது நல்ல முதலீடு. ஆனால் சுத்திகரிப்பு நிலையத்தின் நுழைவாயிலில், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, நோரோவைரஸின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கும் அளவோடு அது நிற்க வேண்டும். ஒவ்வொரு விடுதிக்கும் முதியோர் இல்லத்துக்கும் வெளியே மேன்ஹோல் மூடியைத் திறந்து மாதிரி எடுக்கும் திட்டம் வேண்டாம். இதற்கான காரணம் பெரும்பாலும் வைரஸின் நடத்தையிலேயே இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நோரோவைரஸின் நடத்தை

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் பள்ளி ஒன்றில் 1968-ல் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கூட்டம் கூட்டமாக வாந்தி எடுத்தார்கள். அந்தப் பரவலில் சேகரித்த மலத்திலிருந்து 1972-ல் ஆல்பர்ட் கபிக்கியனின் குழு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அடையாளம் கண்ட துகள்தான் நோரோவைரஸ். இன்று அது உலகில் ஆண்டுக்குச் சுமார் 68.5 கோடிப் பேரைப் பாதிக்கிறது என்பது மதிப்பீடு. அதில் ஏறத்தாழ 20 கோடி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வருவது. தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் வாந்தி தொடங்கும். ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கிவிடும். ஆல்கஹால் சானிடைசர் அதனிடம் அவ்வளவாகப் பலிக்காது. சோப்பும் தண்ணீரும்தான் கைக்கு, குளோரின்தான் தரைக்கு.

தன்னார்வலர்களுக்கு நார்வாக் வைரஸைக் கொடுத்து அவர்களுடைய மலத்தை அளந்த ஆய்வு ஒன்று 2008-ல் வெளியானது. வைரஸ் உள்ளே போன 18 மணி நேரத்திலேயே மலத்தில் தென்படத் தொடங்கியது. இடைநிலைக் கணக்கில் 28 நாள், அதிகபட்சமாக 56 நாள் வரை வந்துகொண்டிருந்தது. உச்சத்தில் ஒரு கிராம் மலத்தில் இருந்த வைரஸ் மரபணுப் பிரதிகளின் இடைநிலை அளவு 9,500 கோடி. அந்த உச்சமும் பெரும்பாலும் வாந்தி-பேதி நின்ற பிறகே வந்தது.

இந்த எண்களை வைத்து ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிராமுக்கு 1,000 கோடி பிரதிகள் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு நாளில் 100 கிராம் மலம் கழித்தால், ஒரு லட்சம் கோடி பிரதிகள் சாக்கடைக்குள் போகின்றன. ஒரு லட்சம் பேர் வாழும் பகுதியில் ஆளுக்கு 150 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு ஒன்றரைக் கோடி லிட்டர் கழிவுநீர் வருகிறது என்று எடுத்துக்கொண்டால், அந்த ஒரே ஒருவரால் மட்டும் லிட்டருக்குச் சுமார் 67,000 பிரதிகள் சேர்ந்துவிடும். வழியில் கொஞ்சம் அழியும், கொஞ்சம் படியும். அப்படியும் நல்ல ஆய்வகத்தின் கண்ணில் படக்கூடிய அளவுதான் அது.

ஆகவே ஓரளவு பெரிய நகரத்தின் கழிவுநீரில் நோரோவைரஸ் இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. ஆண்டு முழுக்க இருக்கத்தான் செய்யும். போலியோவின் நிலை வேறு. 1939-ல் அமெரிக்காவில் நோய்ப்பரவலின்போதே சாக்கடையிலிருந்து போலியோ வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். இன்று போலியோ ஒழிந்த ஊரின் கழிவுநீரில் அது ஒரே ஒரு மாதிரியில் தென்பட்டாலே செய்தி. 2013-ல் இஸ்ரேலின் தெற்குப் பகுதிக் கழிவுநீரில் காட்டுப் போலியோ வைரஸ் தெரிந்தது. ஒரு குழந்தைக்குக்கூட வாதம் வரவில்லை, இருந்தும் நாடு தழுவிய சொட்டுமருந்து இயக்கம் நடந்தது. அந்த வெற்றியைக் காட்டி வாந்தி-பேதிக்கும் அதே மாதிரித் திட்டம் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். போலியோவுக்கு 'உண்டா, இல்லையா' என்ற விடை போதும். நோரோவைரஸுக்கு 'ஏறுகிறதா, எவ்வளவு வேகமாக ஏறுகிறது' என்ற விடை வேண்டும். இரண்டுக்கும் மாதிரி எடுக்கும் முறையே மாறிவிடும்.

மருத்துவமனைக் கணக்கு

இதுதான் பழைய வழி. யாருக்கு வந்தது, எந்த வயது, எவ்வளவு கடுமை, நீரிழப்பு ஏற்பட்டதா, உயிரிழப்பு உண்டா என்பதை இது மட்டுமே சொல்லும். சாக்கடைத் தண்ணீருக்கு வயது தெரியாது. குழந்தைகள் பிரிவில் படுக்கைகள் நிரம்புகின்றனவா என்ற கேள்விக்கு கிருமியின் மரபணுவைத் தேடும் எந்தப் பிசிஆர் சோதனையும் பதில் தராது.

குறை என்னவென்றால், வாந்தி-பேதிக்காக மருத்துவரிடம் போகிறவர்கள் குறைவு. போனாலும் மலப் பரிசோதனை எழுதிக் கொடுப்பது அதைவிடக் குறைவு. எழுதிக் கொடுத்தாலும் பல ஆய்வகங்கள் பாக்டீரியாவைத்தான் தேடும். பிரிட்டனில் 2008-09-ல் நடந்த பெரிய ஆய்வு இந்த இடைவெளியை அளந்தது. தேசியக் கண்காணிப்பில் பதிவான ஒவ்வொரு நோரோவைரஸ் நோயாளிக்கும் பின்னால் சமூகத்தில் சுமார் 288 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவுக்கு இதே விகிதம் ஐந்துக்கும் குறைவு. கடுமையான நோய்க்கு மருத்துவமனைக் கணக்கு ஓரளவு பொருந்தும், வீட்டிலேயே கழிந்துபோகும் நோய்க்கு அது பொருந்தாது என்பதை இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று காட்டுகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. பரிசோதனைப் பழக்கம் மாறினால் நோயே மாறியது போலத் தோன்றும். ஒரு மருத்துவமனை பல கிருமிகளை ஒரே நேரத்தில் பார்க்கும் பிசிஆர் தொகுப்பை வாங்கியதும் அந்த வட்டாரத்தில் நோரோவைரஸ் 'பெருகிவிடும்'. கழிவுநீருக்கு இந்தக் கோளாறு இல்லை. மருத்துவரிடம் போனவரும் போகாதவரும், அறிகுறியே இல்லாதவரும் அதில் ஒன்றாகத்தான் கலக்கிறார்கள்.

மருந்துக்கடை, பள்ளி வருகை

இந்த வழியை நான் மதிக்கிறேன், ஆனால் நீட்டி எழுத அவசியமில்லை. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடிநீரில் கிரிப்டோஸ்போரிடியம் கலந்து சுமார் 4,03,000 பேர் நோயுற்றார்கள். அது வைரஸ் அல்ல, ஒட்டுண்ணி. ஆனால் பாடம் பொருந்தும். மருத்துவமனை ஊழியர்களும் மாணவர்களும் ஆசிரியர்களும் பெருமளவில் வேலைக்கும் பள்ளிக்கும் வராமல் போனதுதான் அங்கே முதல் அறிகுறி. மருந்துக்கடைகளில் பேதி மருந்தும் தீர்ந்துகொண்டிருந்தது. ஏதோ ஒன்று பரவுகிறது என்பதை இந்த வழி விரைவாகவும் மலிவாகவும் சொல்லிவிடும். எது பரவுகிறது என்பதைச் சொல்லாது. தள்ளுபடி விற்பனை, விடுமுறை, தேர்வுக் காலம் எல்லாமே எண்ணைக் குழப்பும். ஏற்கெனவே கணினியில் பதிவாகும் தரவு இருந்தால் எடுத்துப் பயன்படுத்துங்கள். இதற்காகவே புதிதாக ஓர் ஏற்பாட்டைக் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கழிவுநீர் முன்கூட்டியே சொல்லுமா?

கழிவுநீரை விரும்புகிறவர்கள் முதலில் எடுத்துவைக்கும் வாதம் இதுதான். சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 2013-ல் செய்து அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில், பெரும்பாலான நோயாளிகளுக்கு நோய் உறுதியாவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கழிவுநீரில் நோரோவைரஸ் உயர்ந்திருந்தது. நம்பகமான, கவனமான வேலை அது. ஆனால் அந்த இரண்டு மூன்று வாரத்தை அப்படியே எடுத்து எல்லா ஊருக்கும் பொருத்துவது சரியல்ல.

வாந்தி தொடங்க ஒன்றிரண்டு நாளே ஆகும் நோய் இது. மலத்தில் உச்சமோ அறிகுறி அடங்கிய பிறகு வருகிறது. அப்படியானால் வைரஸின் உடலியல் கழிவுநீருக்குத் தரும் முன்னிலை மிகச் சிறியது. மீதி முழுவதும் மருத்துவமனைக் கணக்கின் தாமதத்திலிருந்து வருவதுதான். வீட்டில் இருப்பவர்கள் முதலில் நோயுற்று, முதியோரும் குழந்தைகளும் பிறகு தொற்றி மருத்துவமனைக்கு வந்து, மாதிரி எடுத்து, முடிவு வந்து, அது வாராந்திர அறிக்கையில் ஏற ஆகும் காலம் அது. உங்கள் ஊரில் மருத்துவமனை முடிவுகள் அன்றன்றே மின்னணு முறையில் வந்துவிடுகின்றன என்றால் கழிவுநீர் பெரிதாக முந்தாது. முடிவுகள் இரண்டு வாரம் கழித்துத்தான் வருகின்றன, அல்லது நோரோவைரஸை யாரும் பரிசோதிப்பதே இல்லை என்றால், கழிவுநீர்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே தகவல். இரண்டாவது நிலைதான் உலகின் பெரும்பாலான ஊர்களில் இருக்கிறது. கழிவுநீருக்காக நான் வாதாடுவதும் அதனால்தான்.

நோய்ப்பரவல் தொடங்குவதைக் கழிவுநீர் நன்றாகச் சொல்லும், முடிவதைச் சரியாகச் சொல்லாது. குணமானவர்கள் நாலு வாரம் வரை வைரஸை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால், வார்டுகள் காலியான பிறகும் வரைபடக் கோடு உயரத்திலேயே நிற்கும். 'பரவல் ஓய்ந்துவிட்டது' என்ற அறிவிப்பை மருத்துவமனைக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதேபோல, கழிவுநீர் எண்ணிலிருந்து 'இத்தனை பேருக்கு நோய்' என்று கணக்கிடும் ஆசையையும் அடக்க வேண்டும். ஒருவர் வெளியேற்றும் அளவுக்கும் இன்னொருவர் வெளியேற்றும் அளவுக்கும் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு வேறுபாடு சாதாரணம்.

எந்த இடத்தில் எடுப்பது?

சுத்திகரிப்பு நிலையத்தின் நுழைவாயிலில், சல்லடை தாண்டிய இடத்தில் எடுத்தால் ஒரே குடுவையில் ஒரு நகரமே அடங்கும். பணியாளர் அங்கேயே இருப்பார், மின்சாரம் உண்டு, ஓட்ட அளவி உண்டு. அன்றைய நீரோட்டம் எத்தனை கோடி லிட்டர் என்பது தெரியாமல் வைரஸ் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. மழை பெய்தால் மழைநீர் கலந்து எண் இறங்கும், நோய் இறங்கியிருக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே நுழைவாயில் மற்ற இடங்களைவிட மேல்.

அடுத்தது வட்டார நீரேற்று நிலையங்கள். நகரம் மிகப் பெரியதாக இருந்து, எந்தப் பகுதியில் ஏறுகிறது என்று தெரிந்தால் அந்தப் பகுதி மருத்துவமனைக்கு ஆள் அனுப்ப முடியும் என்றால் இது பயன்படும். அப்படி அனுப்பும் ஏற்பாடு இல்லாத ஊரில் நகரம் முழுமைக்கும் ஒரே எண் போதும்.

கட்டட அளவில் எடுப்பதைத்தான் நான் நேராக மறுக்கிறேன். இருநூறு பேர் தங்கும் விடுதியில் குணமாகிவிட்ட ஒருவர் போதும், குழாய் முழுக்க வைரஸ் நிரம்பும். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: ஒரு லட்சம் பேருக்கே அவர் லிட்டருக்கு 67,000 சேர்க்கிறார் என்றால் இருநூறு பேருக்கு எவ்வளவு? 'பாசிட்டிவ்' என்ற முடிவு ஒரு மாதம் நீடிக்கும், அதை வைத்து எதையும் முடிவெடுக்க முடியாது. மறுபக்கம், விடுதியில் நோரோவைரஸ் பரவினால் முதல் நாளே மூன்று பேர் வாந்தி எடுத்திருப்பார்கள். மாதிரி ஆய்வகம் போய்த் திரும்புவதற்குள் முப்பது பேர் ஆகியிருப்பார்கள். வாந்தி எடுத்தவர் பெயரையும் நேரத்தையும் எழுதும் ஒரு நோட்டும், அதைத் தினமும் பார்க்கும் ஒரு செவிலியும் இங்கே பிசிஆரைவிட வேகமானவர்கள். தனி மனிதரை அடையாளம் காணும் அளவுக்குக் கட்டட மாதிரி நெருங்கிவிடுகிறது என்ற தனியுரிமைக் கவலையும் இதோடு சேர்கிறது.

சாக்கடை இணைப்பே இல்லாத வீடுகள் ஏராளம். மலத்தொட்டியும் குழிக் கழிப்பறையும் உள்ள பகுதிகள் நுழைவாயில் மாதிரியில் வரவே வராது. பெரும்பாலும் அவைதான் வாந்தி-பேதி அதிகம் தாக்கும் பகுதிகள். ஊரில் பாதிக்குத்தான் இணைப்பு என்றால் கழிவுநீர் எண் அந்தப் பாதியின் எண் மட்டுமே என்பதை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுத வேண்டும். அங்கே மலத்தொட்டி லாரிகள் கொட்டும் இடத்தில் எடுக்கலாம், திறந்த கால்வாயில் எடுக்கலாம். லாரியில் வருவது மாதக்கணக்கில் தேங்கிய கழிவு, அது இந்த வாரத்தின் நிலையைச் சொல்லாது. கால்வாயில் யாருடைய கழிவு எவ்வளவு என்று தெரியாது. இருந்தாலும் ஒன்றுமே இல்லாததற்குக் கால்வாய் மேல் என்பது என் கருத்து.

எப்படி எடுப்பது?

மூன்று வழிகள். ஒரு வாளியில் மொண்டு எடுக்கும் உடனடி மாதிரி மலிவானது. ஆனால் சாக்கடை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். காலை ஏழு மணிக்கு எடுத்தால் ஓர் எண், பத்து மணிக்கு எடுத்தால் வேறு எண்.

24 மணி நேரக் கூட்டு மாதிரியில் தானியங்கிக் கருவி ஒன்று 15 நிமிடத்துக்கு ஒருமுறை, 50 மில்லி வீதம் உறிஞ்சி ஒரே கலனில் சேர்க்கும். ஒரு நாளில் 96 முறை, சுமார் 4.8 லிட்டர். கேட்க எளிது. அருகே நின்று பார்த்தால்தான் வேலை தெரியும். உறிஞ்சு குழாயின் முனையில் இருக்கும் வடிகட்டியைச் சுற்றி ஈரத் துடைப்பான்களும் முடியும் கொழுப்பும் கயிறு போலத் திரித்துக்கொள்ளும். பம்பு ஓடும் சத்தம் கேட்கும், கலனில் தண்ணீர் ஏறாது. காலையில் திறந்தால் 4.8 லிட்டருக்குப் பதில் ஒன்றரை லிட்டர் இருக்கும். அது முந்தைய நாள் மதியம்வரை எடுத்தது, இரவும் காலையும் அதில் இல்லை. அந்த மாதிரியைக் கொட்டிவிட வேண்டும். கலனைச் சுற்றிப் பனிக்கட்டியோ குளிர்பதனமோ இருக்க வேண்டும், 4 டிகிரி அளவில். வெயிலில் ஒரு நாள் கிடந்த மாதிரியின் எண்ணை முந்தைய வார எண்ணோடு ஒப்பிடக் கூடாது. குடுவையில் நேரம், கனஅளவு, ஓட்டம், வெப்பநிலை நான்கையும் எழுதாத மாதிரியை ஆய்வகம் வாங்கவே கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

மூன்றாவது, பஞ்சுத்துணிச் சுருளைக் கயிற்றில் கட்டி ஓட்டத்தில் ஒன்றிரண்டு நாள் தொங்கவிடுவது. இங்கிலாந்தில் பாராடைஃபாய்டு கிருமியைச் சுமந்தவரைத் தேட மூர் என்பவர் பயன்படுத்தி 1948-ல் எழுதிய முறை இது, இன்றும் மூர் சுருள் என்றே பெயர். மின்சாரம் வேண்டாம், கருவி திருடுபோகாது, கொஞ்சமாக இருக்கும் கிருமியையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் எத்தனை லிட்டர் தண்ணீர் அதன் வழியே போனது என்று தெரியாது, அதனால் அளவு சொல்ல முடியாது. 'உண்டா, இல்லையா' என்ற கேள்விக்கு அருமையான கருவி. நமக்குத் தேவையானது ஏற்ற இறக்கம் என்பதால் நோரோவைரஸுக்கு நான் கூட்டு மாதிரியைத்தான் எடுப்பேன். கருவிக்குப் பணமில்லாத ஊரில் ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில், காலை உச்ச ஓட்டத்தில் எடுக்கும் உடனடி மாதிரியும் பரவாயில்லை. நேரம் மட்டும் மாறக் கூடாது.

நுழைவாயிலுக்கு அடுத்த படிவுத் தொட்டியில் தங்கும் முதல்நிலைக் கசட்டையே மாதிரியாக எடுப்பது இன்னொரு நல்ல வழி. தொட்டியில் மணிக்கணக்காகப் படிவதால் அதுவே ஒரு கூட்டு மாதிரி. அதே எடைக்குத் தண்ணீரில் இருப்பதைவிடப் பல மடங்கு வைரஸ் பிரதிகள் அதில் ஒட்டியிருக்கும். அமெரிக்காவில் பல நகரங்களின் கழிவுநீரைப் பார்க்கும் வேஸ்ட்வாட்டர்ஸ்கேன் திட்டம் இந்தத் திடப்பொருள் வழியில்தான் நோரோவைரஸையும் ரோட்டாவைரஸையும் அளக்கிறது. முதல்நிலைப் படிவுத் தொட்டி உள்ள நிலையம் என்றால் தயங்காமல் இதை எடுக்கலாம். தண்ணீருக்கும் கசட்டுக்கும் நடுவில் பாதியில் மட்டும் மாறாதீர்கள், பழைய எண்கள் வீணாகும்.

ஆய்வகத்தில்

கழிவுநீரில் இருக்கும் வைரஸைச் செறிவூட்டக் கொரோனாவுக்கு அமைத்த முறை அப்படியே இங்கே ஒத்துவரும் என்று எண்ணிவிடக் கூடாது. கொரோனா வைரஸுக்கு மேலே கொழுப்புறை உண்டு, வாந்தி-பேதி வைரஸ்களுக்குக் கிடையாது. இரண்டும் வடிகட்டியில் ஒட்டுவதும் கழன்று வருவதும் வேறு வேறு. மெங்கோவைரஸ் போன்ற உறையற்ற வைரஸைத் தெரிந்த அளவில் கலந்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்த்த பிறகே முறையை நம்ப வேண்டும்.

தெரிந்த அளவுகளோடு ஒப்பிட்டு அளக்கும் ஆர்டி-க்யூபிசிஆரா, டிஜிட்டல் பிசிஆரா என்ற விவாதம் நீளமாக நடக்கும். டிஜிட்டல் பிசிஆர் மாதிரியை ஆயிரக்கணக்கான நுண்துளிகளாகப் பிரித்து நேரடியாக எண்ணுகிறது. ஒப்பீட்டுக் கோடு வேண்டாம், கழிவுநீரில் இருக்கும் ஹியூமிக் அமிலம் போன்ற, சோதனையைக் கெடுக்கும் தடைப்பொருட்களையும் நன்றாகத் தாங்கும். மிகக் குறைந்த அளவில் இருக்கும் கிருமிக்கு அது மேல். நோரோவைரஸோ கழிவுநீரில் லிட்டருக்கு லட்சக்கணக்கில் இருப்பது சகஜம். இவ்வளவு உரக்கக் கேட்கும் வைரஸுக்குக் க்யூபிசிஆரே போதும். ஒவ்வொரு மாதிரியையும் அப்படியே ஒருமுறையும் பத்தில் ஒன்றாக நீர்க்கச்செய்து ஒருமுறையும் ஓட்ட வேண்டும். நீர்த்தது எதிர்பார்த்ததைவிட அதிகம் காட்டினால் தடைப்பொருள் வேலை செய்கிறது என்று அர்த்தம். இந்தச் சின்னப் பழக்கம் விலையுயர்ந்த கருவியைவிட அதிகமாக எண்ணைக் காப்பாற்றும்.

எண்ணைச் சமன்செய்ய மிளகாய்ப் பயிரைத் தாக்கும் ஒரு வைரஸ் உதவுகிறது. மிளகாய் வகைகளையும் அவற்றிலிருந்து செய்த பொருட்களையும் உண்பதால் மனித மலத்தில் அது ஏராளம், நோயுற்றாலும் இல்லாவிட்டாலும். மாதிரியில் எவ்வளவு மலம் இருந்தது என்பதற்கு அது அளவுகோல். ஓட்ட அளவி உள்ள நிலையத்தில் ஓட்டத்தால் சமன்செய்து, இதைச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ஓட்ட அளவி இல்லாத இடத்தில் இதுதான் துணை.

மரபணு வரிசைப்படுத்தலை வாராவாரம் செய்யத் தேவையில்லை. மாதம் ஒருமுறை போதும். பல ஆண்டுகளாக நோரோவைரஸின் ஜிஐஐ மரபணுக் குழுவைச் சேர்ந்த ஜிஐஐ.4 வகைதான் உலகெங்கும் ஆதிக்கம் செலுத்திவந்தது. 2024-25 பருவத்தில் அமெரிக்காவில் ஜிஐஐ.17 முன்னுக்கு வந்தது. புதிய வகை தலையெடுக்கும்போது எதிர்ப்பாற்றல் குறைந்து பரவல் பெரிதாகலாம் என்பதால் அதை அறிவது பயன் தரும். சாக்கடையில் எல்லா வகையும் கலந்தே வரும், எந்த வகை எவருக்கு நோயைக் கடுமையாக்கியது என்பதை நோயாளி மாதிரிதான் சொல்லும். அதனால் மருத்துவமனையிலிருந்து மாதத்துக்குச் சில மல மாதிரிகளையாவது இதோடு சேர்த்து வரிசைப்படுத்த வேண்டும்.

எந்த வைரஸ் முதலில்?

நோரோவைரஸ் ஜிஐஐ முதலில். ஜிஐ என்ற இன்னொரு மரபணுக் குழு அதனோடு. அடுத்து ரோட்டாவைரஸ், ஆனால் இரண்டு எச்சரிக்கைகளோடு. 1973-ல் மெல்பர்னில் ரூத் பிஷப்பின் குழு கண்டறிந்த இந்த வைரஸ் அதிகம் தாக்குவது கைக்குழந்தைகளை. டயப்பர் கட்டிய குழந்தையின் மலம் குப்பைக்குப் போகிறது, சாக்கடைக்கு வருவதில்லை. நோய் உச்சத்தில் இருக்கும்போதும் கழிவுநீர் அதன் ஒரு பகுதியைத்தான் பார்க்கும். இரண்டாவது, ரோட்டாவைரஸுக்கான வாய்வழிச் சொட்டுமருந்து பெற்ற குழந்தைகள் தடுப்பூசி வைரஸையும் வெளியேற்றுவார்கள். தடுப்பூசி வகையையும் காட்டு வகையையும் பிரித்துக் காட்டும் சோதனை இல்லாவிட்டால், தடுப்பூசி முகாம் நடந்த வாரத்தை நோய்ப்பரவல் என்று அறிவிக்க நேரிடும். ஆய்வக நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: ரோட்டாவைரஸின் ஆர்என்ஏ இரட்டை இழை. முதலில் 95 டிகிரியில் சில நிமிடம் சூடாக்கி இழைகளைப் பிரிக்காவிட்டால் எண் பொய்யாகக் குறையும்.

அடினோவைரஸ் 40, 41 வகைகள் ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்பதால் எச்சரிக்கைக்கு அவ்வளவாக உதவாது. ஆஸ்ட்ரோவைரஸ், சாப்போவைரஸ் இரண்டையும் இடம் இருந்தால் சேர்க்கலாம்.

எண் வந்த பிறகு

திட்டம் போடும் முதல் கூட்டத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி இது: எண் மூன்று வாரத்தில் மும்மடங்கானால் யார், என்ன செய்வார்கள்? நோரோவைரஸுக்கு அனுமதி பெற்ற தடுப்பூசி இன்னும் இல்லை. ஆனால் செய்ய வேண்டியவை நிறைய உண்டு. மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் தனி அறைகளை ஒதுக்கலாம், குளோரின் கரைசலை முன்கூட்டியே வாங்கிவைக்கலாம், வாந்தி-பேதி வந்த சமையல், பராமரிப்புப் பணியாளர்களை அறிகுறி நின்று 48 மணி நேரம் கழியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லும் விதியைக் கண்டிப்பாக்கலாம். அந்த விடுப்புக்குச் சம்பளம் உண்டா என்பதையும் அப்போதே தீர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விதி தாளில்தான் இருக்கும். சிப்பி வளர்க்கும் கடலோரம் என்றால், சுத்திகரிப்பு நிலையம் நிரம்பி வழியும் நாட்களில் அறுவடையை நிறுத்தச் சொல்ல இந்த எண்ணே வலுவான சான்று. சிப்பிகள் நோரோவைரஸைத் தம்முள் சேர்த்து வைத்துக்கொள்பவை.

எச்சரிக்கை எல்லையை வேறு ஊரிலிருந்து கடன் வாங்க முடியாது. உங்கள் நிலையத்தின் ஓராண்டு எண்களே நீங்கள் ஒப்பிட வேண்டிய அடிப்படை. முதல் ஆண்டில் பெரிதாக அறிவிக்க எதுவும் இருக்காது, அந்த ஆண்டுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். ஒரே ஒரு மாதிரி உயர்ந்ததற்காக யாரையும் எழுப்ப வேண்டாம், தொடர்ந்து மூன்று மாதிரிகள் ஏறட்டும். வாரம் ஒரு மாதிரி மட்டும் எடுத்தால் அந்த மூன்றுக்கே இரண்டு வாரம் போய்விடும். வாரத்துக்கு மூன்று எடுத்தால் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். நோரோவைரஸின் வேகத்துக்கு இந்த வேறுபாடு பெரியது. திங்கட்கிழமை எடுத்த மாதிரியின் எண் புதன்கிழமைக்குள் மருத்துவமனைத் தொற்றுத் தடுப்புச் செவிலியின் கைபேசிக்குப் போய்ச் சேர வேண்டும். இப்போது அதற்கு எட்டு நாள் ஆகிறது என்றால், கையில் இருக்கும் பணத்தை டிஜிட்டல் பிசிஆருக்குக் கொடுக்காமல் குளிர்பெட்டி வண்டிக்கும் இன்னோர் ஆய்வக உதவியாளருக்கும் கொடுங்கள்.